நிறுத்தி வைத்த கார்டு

பிப்ரவரி 9

தயாரிப்புப் பிரிவுப் பொறியாளர் அவர்களுக்கு,

இந்தப் பெட்டியில் எங்கள் புதிய கிராபிக்ஸ் கார்டின் முதல் மாதிரி இருக்கிறது. குளிர்விக்கும் பாகம் முழுவதும் என் வடிவமைப்பு. உங்கள் தொழிற்சாலையில் ஓட்டிப் பார்த்து அறிக்கை அனுப்பவும்.

இவ்வளவுதான் எழுத நினைத்தேன். பெட்டியின் மேல் ஒட்டுவதற்கு முகவரிச் சீட்டு வந்தபோதுதான் அந்தப் பொறியாளர் நீ என்று தெரிந்தது. என் புருஷனின் கூடப்பிறந்த தங்கைக்கு ‘அவர்களுக்கு’ போட்டு எழுதக் கை வரவில்லை. என் எண்ணையோ உன் போன் ஏற்பதில்லை. ஆபீஸ் மெயிலில் எழுதினால் நகல் போகிற அத்தனை பேரும் நம் வீட்டுக் கதையைப் படிப்பார்கள். அதனால் கார்டுக்கு அடியில், நுரை அட்டைக்குள் இந்தத் தாளை வைக்கிறேன். பதில் எழுதினால் நீயும் அப்படியே வை.

விஷயம் இதுதான். கேம் விளையாடுகிறவர்களுக்குத் திரையில் படம் வரைந்து காட்டுகிற இந்தச் சிப், ஒரு சின்ன அடுப்பு அளவுக்குச் சூடாகிறது. சூடு வெளியே போகாவிட்டால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆசையாக வாங்கினவன் திரையில் எல்லாம் திக்கித் திக்கி ஓடும். போன கார்டுக்கு மூன்று ஃபேனும் கை வலிக்கிற கனத்தில் உலோகமும் வைத்தோம். இங்கே அதற்குப் பெயரே செங்கல். என் வடிவம் அதில் பாதித் தடிமன், இரண்டே ஃபேன், சத்தம் காதுக்கு எட்டக்கூடாது.

ஏப்ரல் கடைசியில் கார்டைத் தேர்ந்தெடுக்கிற குழு கூடுகிறது. தேறினால் என்னுடையது உற்பத்திக்குப் போகும். தேறாவிட்டால் செங்கலையே மறுபடி மாட்டி விற்கலாம் என்று எங்கள் பிரிவுத் தலைவர் இப்போதே சொல்லி வைத்துவிட்டார். மூன்று வருடம் இதோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். இது போனால் இன்னொன்று எனக்குத் தரமாட்டார்கள்.

உன் அண்ணன் சுகம்.

அண்ணி

*

பிப்ரவரி 17

மதிப்பிற்குரிய குளிர்விப்பு வடிவமைப்பாளர் அவர்களுக்கு,

உங்கள் எண்ணைத் தடுத்து வைத்திருப்பது உண்மைதான். தடையை எடுக்கிற உத்தேசமும் இல்லை.

உங்கள் வீட்டுச் சோபாவில் மாதக்கணக்கில் படுத்து, தலைமாட்டில் அண்ணனின் கேம் பெட்டி போடுகிற இரைச்சலுக்குக் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு படித்தவள் நான். சந்தேகம் என்றால் உங்களிடம்தான் கேட்பேன். காற்றை எப்படிப் பார்ப்பது என்று நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள். கடைசியில் இந்தக் கம்பெனியின் நேர்முகத் தேர்வில் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் நீங்கள். என்ன சொன்னீர்கள்?

“இவங்க என் சொந்தக்காரங்க. நான் கருத்து சொல்லப் போறதில்லை.”

சொல்லிவிட்டுப் பேனாவை மூடி வைத்தீர்கள். மற்ற இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வடிவமைப்புப் பிரிவு எனக்குக் கிடைக்கவில்லை. கண்காணாத ஊருக்கு, செப்புத் தட்டு சுடுகிற உலைக்குப் பக்கத்தில் தூக்கிப் போட்டார்கள். ஒரு வார்த்தை, அண்ணி. மோசமாகச் சொல்லியிருந்தால்கூட எதிர்த்துப் பேசியிருப்பேன். அன்றைக்கு உங்கள் வீட்டு வாசலைத் தாண்டினவள்தான், இன்னும் திரும்ப மிதிக்கவில்லை.

அது கிடக்கட்டும். கார்டைத் திறந்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் திறந்தேன், மறைப்பானேன். மூடியைக் கழற்றினதும் குறை தேடுவதையே மறந்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு நின்று பார்த்தார்.

சிப் உட்காருகிற போர்டை இவ்வளவு குட்டையாக வெட்ட உங்களுக்கு எப்படித் துணிச்சல் வந்தது? பின்பாதியில் போர்டே கிடையாது. சூட்டை வெளியே விடுகிற வெறும் தகடுகள், தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிகிறது. ஃபேன் ஊதுகிற காற்று எதிலும் முட்டித் திரும்பாமல் நேரே பின்னால் போய்விடுகிறது. எதிரெதிரே ஜன்னல் வைத்த வீடு மாதிரி. இத்தனை நாள் நாங்கள் எல்லாரும் ஜன்னலுக்கு நேரே பீரோவை நிறுத்திவிட்டு, புழுங்குகிறது புழுங்குகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தோம்.

தகடுகளின் ஓரத்தை ஒன்றுவிட்டு ஒன்று சாய்த்துக் கத்தரித்திருக்கிறீர்கள், காற்று நுழையும்போது விசில் அடிக்கக்கூடாதென்று. ஃபேன் இறக்கைகளின் நுனிகளை ஒரு வளையத்தால் சேர்த்துக் கட்டியிருக்கிறீர்கள். ஒரு ஃபேன் இடமாகவும் இன்னொன்று வலமாகவும் சுற்றுகிறது, நடுவில் இரண்டு காற்றும் முட்டிக்கொள்ளாமல் இருக்க. விரலால் லேசாகத் தட்டினேன், அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. பொறாமையில் வயிறு எரிந்தது, அவ்வளவு அழகு.

இனி கெட்ட செய்தி. மேசையில் படுக்கவைத்து ஓட்டினால் தங்கம். ஆனால் இங்கே இடம் குறைவு. ஓட்டிப் பார்க்கிற கார்டுகளைக் கழுவின தட்டுகளை அடுக்குகிற மாதிரி ராக்கில் நிறுத்தித்தான் வைப்போம், வயர் செருகுகிற பக்கம் மேலே. அப்படி நிறுத்தினால் உங்கள் சிப் கொதிக்கிறது, ஃபேன் அலறுகிறது. இருப்பதை இருந்தபடியே அறிக்கையில் எழுதி அனுப்பிவிட்டேன்.

தயாரிப்புப் பிரிவுப் பொறியாளர்

*

பிப்ரவரி 24

பொறியாளர் அவர்களுக்கு,

உங்கள் அறிக்கை கிடைத்தது. எனக்கு முன்னால் எங்கள் பிரிவுத் தலைவருக்குக் கிடைத்தது. காலையில் அதை என் மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து இந்த ஆபீசில் யாரும் பார்த்ததில்லை. செங்கலுக்கான பழைய படங்களைத் தூசி தட்டச் சொல்லிவிட்டார் என்று மத்தியானமே காதில் விழுந்தது.

சோதனைக் குறிப்பில் ‘படுக்கை நிலை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் கார்டு படுத்தபடிதான் இருக்கும், சின்னக் குழந்தைக்கும் தெரியும். எந்த வீட்டில் அதைச் செங்குத்தாக நிறுத்தி விளையாடுகிறார்கள்? உங்கள் ராக் வசதிக்கு என் கார்டு தோப்புக்கரணம் போட வேண்டுமா?

என் மேல் கோபம் இருந்தால் என்னைத் திட்டு. கார்டு உனக்கு என்ன செய்தது? நான் பேனாவை மூடினதற்கு நீ என் மூன்று வருடத்தை மூடப் பார்க்கிறாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தோன்றுவதை மனசுக்குள் வைத்துக்கொண்டு நல்லவளாக எழுத எனக்குத் தெரியாது.

அழகு என்று எழுதியிருந்தாய். அந்தப் பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இந்தக் கட்டடத்தில் ஒருத்தரும் அந்தத் தகடுகளின் ஓரத்தை இதுவரை கவனித்துப் பார்த்ததில்லை. அதனால்தான் அறிக்கை இன்னும் அதிகமாக வலிக்கிறது.

இரண்டாவது மாதிரி இதனுடன். படுக்கவைத்து ஓட்டி, வேறு அறிக்கை அனுப்பவும்.

குளிர்விப்பு வடிவமைப்பாளர்

*

மார்ச் 3

அண்ணி,

உங்கள் வீட்டு முன்னறையில், சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற அண்ணனின் பெட்டியைக் கொஞ்சம் போய்ப் பாருங்கள். ஒல்லியாக, உயரமாக நிற்கும். வயர் எல்லாம் மேலே இருந்து வரும். மூலையில் இடம் போதவில்லை என்று அந்தப் பெட்டியைத் தேடிப் பிடித்து, கார்டைச் செங்குத்தாக நிறுத்தி மாட்டிக் கொடுத்தது நான். பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றது நீங்கள்.

தினமும் அதைத் தாண்டித்தான் ஆபீசுக்குக் கிளம்புகிறீர்கள்.

இரண்டாவது மாதிரியில் சிப்பின் மேல் உட்காருகிற செப்புத் தட்டைக் கழற்றி நீளவாக்கில் அறுத்து அனுப்புகிறேன். திட்ட வேண்டுமென்றால் திட்டிக்கொள்ளுங்கள். உங்களுக்கே தெரிந்த சங்கதிதான், இருந்தாலும் வரிசையாகச் சொல்கிறேன். உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சிவிட்டு, துளித் தண்ணீர் விட்டு மூடின தட்டு. சிப்பின் மேல் தண்ணீர் ஆவியாகிறது, ஆவி அடுத்த கோடிக்கு ஓடுகிறது, அங்கே ஃபேன் காற்றில் குளிர்ந்து மறுபடி தண்ணீராகிறது. உள்சுவரில் சுட்டு ஒட்டியிருக்கிற செப்புப் பொடி அதை உறிஞ்சி, திரும்ப சிப்புக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. போர்டைக் குட்டையாக்குவதற்காக நீங்கள் சிப்பை வயர் செருகுகிற கோடிக்கே தள்ளிவிட்டீர்கள். படுத்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. நிறுத்தினால் சிப் மேலே, தண்ணீர் கீழே. அவ்வளவு உயரம் ஏற்ற அந்தப் பொடிக்குத் தெம்பில்லை. சிப் இருந்த இடத்தில் மட்டும் பொடி நிறம் மாறிக் கிடக்கிறது, பாருங்கள். பாவம், தாகத்தில் கிடந்திருக்கிறது.

கோபத்தில் நான் எதையும் செய்யவில்லை. கோபம் இருக்கிறது, அது வேறு.

பொறியாளர்

*

மார்ச் 8

சின்னவளுக்கு,

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் தோள்பையைக்கூட இறக்காமல் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உன் அண்ணன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரையில் யாரையோ துரத்திக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்திருந்த தினுசைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

“என்ன, பெட்டி ரிப்பேரா?”

“பெட்டி நல்லாதான் இருக்கு. எனக்குத்தான் கண்ணு ரிப்பேர்.”

மறுநாள் காலையில் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு வந்தேன். பெற்ற பிள்ளையை ஹாஸ்டலுக்கு அனுப்புகிற மாதிரி வாசல்வரை பின்னாலேயே வந்தார். என்னிடம் மீதியிருந்த ஒரே மாதிரியை அதில் நிறுத்தி மாட்டி ஓட்டினேன். ஃபேன் போட்ட கூச்சலில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். நீ சொன்னது சரி. எள்ளளவும் பிசகில்லை. இங்கே எல்லாருமே கார்டைப் படுக்கவைத்துத்தான் பார்க்கிறோம், படுத்திருந்தால்தான் ஃபேன் சுற்றுவது கண்ணுக்குத் தெரியும். அதை நிமிர்த்திப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வீட்டிலேயே நிமிர்ந்து நிற்கிற ஒன்றைத் தினமும் தாண்டிப் போகிற எனக்கே தோன்றவில்லை.

நீ அறுத்து அனுப்பின தட்டை என் மேசையில் வைத்திருக்கிறேன். அதை எப்படி அறுத்தாய்? பொடி ஒரு துகள் உதிரவில்லை, ஓரம் நசுங்கவில்லை, புத்தகத்தைப் பிரித்த மாதிரி உள்ளே இருப்பது அத்தனையும் தெரிகிறது. இங்கே யாருக்கும் இப்படி அறுக்கத் தெரியாது, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறேன். உன் கைக்குள் இவ்வளவு நிதானம் இருந்தது சோபாவில் படுத்துக் கிடந்தபோது தெரியவே இல்லை.

ஆனால் என் பாடு திண்டாட்டம். பொடியைத் தடிமனாகப் பூசினால் ஆவி போக இடம் இருக்காது. தட்டையே தடிமனாக்கினால் ஃபேன் மெலிய வேண்டும், மெலிந்த ஃபேன் வேகமாகச் சுற்றினால்தான் ஈடுகொடுக்கும், சத்தம் வந்துவிடும். ஒரு மயிரிழைகூட எனக்கு இடமில்லை. ஏப்ரல் கடைசியும் இதோ வந்துவிட்டது. தட்டுக்குள் என்ன செய்யலாம் என்று உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது. வேறு யாரைக் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணி

*

மார்ச் 21

அண்ணி,

உலையைவிட்டு நகர முடியவில்லை, அதனால்தான் தாமதம்.

நைஸ் பொடி தண்ணீரை நல்ல உயரத்துக்கு ஏற்றுகிறது, ஆனால் ஆமை வேகம். கரடுப் பொடி மளமளவென்று விடுகிறது, உயரம்தான் ஏறமாட்டேன் என்கிறது. இரண்டையும் கலந்து சுட்டேன், இரண்டும் கெட்டது. பிறகு தனித்தனியே போட்டேன். சுவர் முழுக்கக் கரடுப் பொடியை மெல்லிசாகப் பூசி, குளிர்கிற கோடியிலிருந்து சிப் வரைக்கும் நைஸ் பொடியில் நீளமாக வரப்பு கட்டினேன், விளக்குத் திரி மாதிரி. வரப்பு மேல்மூடியைத் தொட்டு நிற்பதால் தட்டு நசுங்காமல் தாங்கியும் கொள்கிறது. வரப்புக்கும் வரப்புக்கும் நடுவில் ஆவி தாராளமாகப் போகும். தட்டின் தடிமன் ஏறவே இல்லை.

கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? முதல் தட்டு வளைந்து கோணிக்கொண்டது. அடுத்ததில் பொடி சரியாக வேகாமல் உதிர்ந்தது. அதற்கு அடுத்ததில் வெந்து தொலைத்து, வரப்பெல்லாம் கட்டியாகி ஒரு சொட்டுத் தண்ணீர் உறிஞ்சவில்லை. உலையில் வேலை செய்கிற அண்ணாச்சி என்னைப் பார்த்தாலே, “மறுபடியும் உங்க தட்டா?” என்று ஒதுங்கிப் போகிறார். நேற்றுச் சுட்டதுதான் உருப்படியாக வந்தது. ஒரு ஓரத்தைத் தண்ணீரில் வைத்தேன், கண் முன்னால் சரசரவென்று மேலே ஏறியது. அண்ணாச்சியும் நானும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம்.

இதற்கு மேல் எனக்கு உங்கள் காற்று வேண்டும். வரப்புகளை எங்கே ஆரம்பிப்பது? தட்டின் எந்த இடம் முதலில் குளிர்கிறதோ அங்கேதான் தண்ணீர் சேரும். அது எந்த இடம் என்று தகடுகளை எவ்வளவு முறைத்தாலும் எனக்குப் பிடிபடவில்லை. நீங்கள் காற்றைக் கண்ணால் பார்க்கிற மனுஷி. வரைந்து அனுப்புங்கள்.

இது சமாதானம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இது வேலை.

சின்னவள்

*

ஏப்ரல் 6

சின்னவளுக்கு,

காற்றின் படங்கள் இதனுடன். திருத்திச் செய்த புது ஃபேனும் தகடுகளும் மாட்டி, நிறுத்தி வைத்துப் புகைவிட்டுப் பார்த்து, அப்படியே வரைந்தது. சிப்புக்கு எதிர்க் கோடியின் மேல் மூலையில்தான் முதலில் குளிர்கிறது, நான் நினைத்த இடத்தில் இல்லை. உன் வரப்புகளை அங்கிருந்து விசிறி மாதிரி விரித்துவிட்டால் சிப்பின் நாலு பக்கமும் தண்ணீர் வந்து சேரும் என்று கணக்கு சொல்கிறது. கணக்கை முடித்துவிட்டுச் சும்மா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரி என்கிற யோசனை உனக்கு எப்படித்தான் வந்ததோ. இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் பழம் தின்று கொட்டை போட்டவள் நான், எனக்கு வரவில்லை.

சத்தம் அளக்கிற அறைக்கும் போய்வந்தேன். சுவரெல்லாம் பஞ்சு, கதவைச் சாத்தினால் நம் வயிறு பேசுவது நமக்கே கேட்கும். கார்டைப் படுக்கவைத்து ஓட்டினபோது வயிறுதான் கேட்டது. நிறுத்தியும் அப்படிக் கேட்க வேண்டும் என்பதுதான் இப்போது என் ஒரே ஆசை.

ஒன்று சொல்ல வேண்டும். பிரிவுத் தலைவரின் உதவியாளர் நல்ல மனசோடு ஒரு வழி சொன்னார். குழு முன்னால் படுக்கவைத்து மட்டும் காட்டுங்கள், நிறுத்தி வைக்கக் கூடாது என்று கையேட்டில் ஒரு வரி போட்டுவிடலாம், தேறிவிடும் என்றார். தேறும், சந்தேகமே இல்லை. ஆனால் என் வீட்டில் ஒருவர் இருக்கிறார், ஜென்மத்தில் ஒரு கையேட்டைப் பிரித்ததில்லை. கார்டு திக்கித் திணறினால் தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்வார். அவரை மாதிரி எத்தனை பேரோ. நிறுத்தித்தான் காட்டப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பேனாவை ஏன் மூடினேன் என்று நீ கேட்கவே இல்லை. நான் நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லியிருந்தால் உள்ளே வந்திருப்பாய். வந்த அன்றைக்கே ‘அண்ணியோட ஆள்’ என்று பெயர் வைத்திருப்பார்கள். நீ எதைச் சாதித்தாலும் பாதியைத் தூக்கி என் கணக்கில் எழுதியிருப்பார்கள். உன் வாய்க்கும் ரோஷத்துக்கும் அது ஒத்துவராது. உனக்கு வலித்ததில் எனக்கும் சோறு இறங்கவில்லை. அதற்காக, இன்றைக்கு அதே நாற்காலியில் உட்கார்ந்தால் மாற்றிச் செய்வேன் என்று பொய் சொல்லமாட்டேன்.

அண்ணி

*

ஏப்ரல் 18

அண்ணி,

தட்டு இதோ. வரப்புகளை நீங்கள் வரைந்தபடியே விரித்திருக்கிறேன்.

இதை அறுத்துப் பார்க்க முடியாது. அறுத்தால் மாட்ட முடியாது. இதோடு ஒரே நேரத்தில் உலைக்குள் போன இன்னொன்றை அறுத்தேன், உள்ளே அப்படி ஒரு சுத்தம். இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று நான் சொல்கிறேன், நீங்கள் நம்பித்தான் ஆகவேண்டும். உங்கள் புது ஃபேனும் தகடுகளும் இங்கே இல்லாததால் ராக்கில் நிறுத்தி ஓட்டிப் பார்க்கவும் வழியில்லை.

அதனால் சொல்கிறேன். குழுவில் படுக்கவைத்தே காட்டிவிடுங்கள், அண்ணி. நிறுத்திக் காட்டி என் தட்டு காலை வாரிவிட்டால் போவது உங்கள் மூன்று வருடம். கார்டு தேறின பிறகு தட்டைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளமாட்டேன். உங்கள் கார்டு கடைக்கு வர வேண்டும், அந்தத் தகடுகளை நாலு பேர் பார்க்க வேண்டும். செங்கலை மறுபடி அடுக்கி அனுப்ப எனக்கு மனசு வராது.

பேனா விஷயம் படித்தேன். இன்னும் ஜீரணமாகவில்லை. ஆனாலும் பொய் சொல்லவில்லை பாருங்கள், அது பிடித்தது.

சின்னவள்

*

ஏப்ரல் 30

என் அருமைச் சின்னவளுக்கு,

நிறுத்தித்தான் காட்டினேன்.

உன் அண்ணனின் பெட்டியையே கொண்டுபோய்ப் பெரிய மேசையில் வைத்தேன். பக்கவாட்டில் அவர் ஒட்டியிருக்கிற டிராகன் ஸ்டிக்கரோடு. பிரிவுத் தலைவர் அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இது எந்தப் பழைய சாமான் கடையில் கிடைத்தது என்று கேட்டார். என் வீட்டில் என்றேன். கார்டைச் செங்குத்தாக மாட்டி, இருப்பதிலேயே கனமான கேமை ஓடவிட்டேன். கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

எல்லாரும் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தலைவர், எப்போது ஆரம்பிப்பீர்கள் என்றார். ஆரம்பித்து எவ்வளவோ நேரமாயிற்று என்றேன். அவர் எழுந்து வந்து குனிந்து பெட்டியில் காதை வைத்தார். பிறகு பின்பக்கம் கையை நீட்டினார், சூடான காற்று அடித்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். திரையில் வெப்பக் கோடு ஏறிக்கொண்டே போனது. எல்லைக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது. அப்புறம் ஏறவே இல்லை. படுக்கவைத்தேன், மறுபடி நிறுத்தினேன், அவர்கள் சொன்னபடியெல்லாம் திருப்பினேன். கோடு அசையவில்லை. உன் தண்ணீர் மேலே ஏறிக்கொண்டே இருந்தது.

தேறிவிட்டது. செங்கலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அடுத்த சிப்புக்கும் என்னையே உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

எல்லாம் முடிகிற நேரத்தில் தலைவர், அந்தத் தட்டு யார் வேலை என்று கேட்டார். உன் நேர்முகத் தேர்வில் என்னோடு உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் அங்கேதான் இருந்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

“அவங்க என் நாத்தனார். அவங்களைப் பத்தி நான் கருத்து சொல்லப் போறேன்.”

சொன்னேன். குறையை முதலில் கண்டுபிடித்தது நீ என்று சொன்னேன். நான் திட்டினதையும், நீ தட்டை அறுத்து அனுப்பி என் வாயை அடைத்ததையும் சொன்னேன். அறுத்த தட்டைக் கை மாற்றிக் கை மாற்றி எல்லாரிடமும் கொடுத்தேன். இந்தக் கம்பெனியில் செப்புப் பொடியை இவ்வளவு தெரிந்த ஆள் வேறு யாரும் கிடையாது, இந்தக் கார்டு நிமிர்ந்து நிற்பது அவளால்தான் என்றேன். அந்த இருவரில் ஒருவர், அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கலாமே என்று முணுமுணுத்தார்.

“அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சது எங்க வீட்டுப் பொண்ணை. இன்னைக்குத் தெரிஞ்சது அவ வேலையை.”

வடிவமைப்புப் பிரிவுக்கு வரச் சொல்லி உனக்குக் கடிதம் வரும். அதை நான் கேட்கவில்லை, அவர்களாகவே சொன்னது.

நீண்ட நாள் சோதனைக்கென்று கையெழுத்துப் போட்டு, கார்டைப் பெட்டியோடு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். உன் அண்ணன் விளையாட உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். சுவர்க்கடிகாரம் டிக் டிக் என்கிறதே, புதிதாக வாங்கியதா என்று கேட்டார். கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து அங்கேதான் தொங்குகிறது.

அண்ணி

*

மே 28

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் பெட்டியைப் பிரித்த இடத்திலேயே நின்று படித்தேன். “கருத்து சொல்லப் போறேன்” என்கிற இடத்துக்கு வந்ததும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அழுதேன், அண்ணி. அண்ணாச்சி பதறிப்போய், தட்டு மறுபடி கோணிக்கொண்டதா என்று கேட்டார். இல்லை, நிற்கிறது என்றேன்.

வடிவமைப்புப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. இப்போது வேண்டாம் என்று எழுதிவிட்டேன். கோபத்தில் இல்லை, சத்தியமாக. அங்கே காற்றுக்கு நீங்கள் இருக்கிறீர்கள். இங்கே இந்தப் பொடி இன்னும் எவ்வளவு உயரம் ஏற்றும் என்று எனக்கே தெரியவில்லை, அது தெரியாமல் உலையைவிட்டு வர மனசு கேட்கவில்லை. உங்களை எனக்குத் தெரியும், அடுத்த கார்டை இதைவிட மெலிசாக வரைந்து வைத்துக்கொண்டு உட்காருவீர்கள். அதற்குத் தட்டு சுட ஆள் வேண்டாமா?

முதல் வரிசைக் கார்டுகள் போன வாரம் இங்கே ராக்கில் ஏறின. வரிசையாக நின்று ஓடுகின்றன, சத்தமே இல்லை. பக்கத்து மேசைக்காரர் கரண்ட் போய்விட்டதோ என்று விளக்கைப் பார்த்தார். நான் போகவர ஒவ்வொன்றின் பின்னாலும் கையை வைத்துப் பார்க்கிறேன். சூடு ஓடிவந்து கையில் படுகிறது. உங்கள் ஜன்னல் வழியாகத்தான் வருகிறது.

உங்கள் எண்ணின் தடையை எடுத்துவிட்டேன். அதற்காகக் கடிதத்தை நிறுத்திவிடாதீர்கள். போனில் நீங்கள் இவ்வளவு பேசமாட்டீர்கள்.

ஜூனில் விடுப்பு போட்டிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறேன். பெட்டியை இடம் மாற்றி வைக்க வேண்டாம், அது அங்கேயே நிற்கட்டும். சோபா எனக்கு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, பழையபடி பெட்டிப் பக்கம் தலைவைத்துப் படுப்பேன், காதில் பஞ்சு இல்லாமல். அண்ணனை அந்தக் கனமான கேமைப் போடச் சொல்லுங்கள். நான் தூங்கிப் போனால் எழுப்பாதீர்கள். தேறியது என்று அறிக்கையில் நீங்களே எழுதிவிடுங்கள்.

உங்கள் நாத்தனார்